இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

புனேவின் கட்கியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் துப்பாக்கி என்றால் என்ன பயம்? ஆஷாவின் அப்பா அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் பக்கத்து ஔந்திலிருந்து ஜெயந்த் என்றொரு பெரியவர் போன் செய்து, தன்னிடம் எட்டுப் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கின்றன, அவற்றின் செதுக்கு வேலையைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டபோது அவள் யோசிக்காமல் சரி என்றாள். நகைக்கடைக்காரர்களுக்கும் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கும் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். பளபளப்பான உலோகத்தில் அறை முழுவதும் தெரியும். ஜன்னல் தெரியும், கேமரா தெரியும், எடுப்பவளின் முகமே தெரியும். அதையெல்லாம் விரட்டிவிட்டுக் கோடு மட்டும் எழுந்து நிற்கும்படி வெளிச்சத்தைச் சாய்த்து வைக்க வேண்டும். அந்த வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

ஜெயந்த் எழுபதைத் தாண்டியவர். துப்பாக்கிகளில் உள்ள செதுக்கு பாணிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து வேலை முடிந்துவிட்டது, படங்கள்தான் பாக்கி. சட்டப்படி ஆளுக்கு இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவர் பேரில் இரண்டு, மனைவி பேரில் இரண்டு, மகன்கள் பேரில் நான்கு என்று உரிமம் பிரிந்திருந்தது. ஆனால் எட்டும் அவருக்குத்தான் பிள்ளைகள். ஒவ்வொன்றாக இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து, மடக்கித் திறந்து, குழல் காலியாக இருப்பதை அவளுக்கும் காட்டிவிட்டு, பச்சைத் துணி விரித்த மேஜையில் கிடத்துவார். பிறகு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசிக்கொண்டார்கள்.

"இதைப் பாருங்க ஆஷாஜி. சின்னச் சின்னச் சுருள், நடுநடுவுல ரோஜாக் கொத்து. இது இங்கிலாந்து பாணி. அடுத்தது பாருங்க, அகலமான இலை, ஆழமான வெட்டு, தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரியும். இந்த மூணாவதுல கோடே கிடையாது. ஊசி முனையால புள்ளி புள்ளியா குத்தியே பறவையைக் கொண்டுவந்திருக்கான். இத்தாலிக்காரன் வேலை."

"செஞ்சவங்க பேர் எங்கேயும் இல்லையே சார்?"

"பெரும்பாலும் போட மாட்டாங்க. துப்பாக்கிக் கம்பெனி பேர்தான் இருக்கும். ஆனா இதெல்லாம் கையெழுத்து மாதிரி. சுருளை எங்கே ஆரம்பிக்கிறான், இலை நுனியை எப்படி முடிக்கிறான், நிழலுக்குக் கோட்டை எந்தப் பக்கம் சாய்க்கிறான், இதைக் கவனிச்சா ஆள் யாருன்னு சொல்லிடலாம்."

ஏழு துப்பாக்கிகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தன. எட்டாவதை எடுக்கும்போது ஜெயந்தின் முகமே மாறியது.

"இதுதான் என் செல்லம். கடைசியா வாங்கினது. லண்டன்ல செஞ்சது, நூறு வருஷம் இருக்கும். இதுக்கு மட்டும் என் புத்தகத்துல ஒரு தனி அத்தியாயம்."

ஆஷா கேமராவைத் தகட்டின் மேல் இறக்கினாள். குழல் முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுத் தகடு. வலப்பக்கத் தகட்டில் நாணல் புதர், அதிலிருந்து எழும்பும் வாத்துகள், அவற்றைப் பார்த்து முன்காலைத் தூக்கி நிற்கும் ஒரு நாய். சுற்றிலும் இலையும் சுருளும். விளக்கை இடப்பக்கம் தணித்தாள். கோடுகள் எழுந்து நின்றன.

முதலில் அவள் நாயைத்தான் பார்த்தாள். நாயின் வால் முதுகின் மேல் வளையமாகச் சுருண்டிருந்தது. இடது காது நுனியில் ஆங்கில வி எழுத்துப் போல ஒரு வெட்டு.

"வேட்டை நாய்க்கு வால் நேரா நீட்டிக்கிட்டு இருக்கணும்," என்றார் ஜெயந்த் பின்னாலிருந்து. "இவன் சுருட்டி வச்சிருக்கான். குறும்புக்காரன். காதுல இருக்கறது வேட்டையில பட்ட காயம்னு நினைக்கிறேன். இதைப் பத்தியே நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

ஆஷா நாயின் காதை நெருங்கிப் பார்த்தாள். கருத்தடை செய்து மறுபடி தெருவில் கொண்டு வந்து விடும் நாய்களுக்கு நகராட்சிக்காரர்கள் காதில் வைக்கும் அடையாளம் அது. புனேவில் எந்தத் தெருவில் நின்றாலும் பார்க்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் அப்படி ஒரு நாய் இருந்திருக்க முடியாது. அதுவும் இந்த நாய். கட்கியில் அவர்கள் வீட்டு வாசலில் படுத்துக்கிடந்த ராக்கி.

அவள் மெல்ல இலைகளுக்கு நகர்ந்தாள். ஒவ்வொரு இலையின் நுனியும் உள்பக்கமாகச் சின்னதாகக் கொக்கி போட்டுத் திரும்பியிருந்தது. நிழல் கோடுகளைப் பார்த்தாள். கோடு உள்ள மற்றத் துப்பாக்கிகளில் எல்லாம் அவை வலப்பக்கம் சாய்ந்திருந்தன. இதில் எல்லாக் கோடும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரன் ஒருவன் வெட்டிய கோடுகள்.

அவள் கணவன் டெக்ஸ்டர் இடது கைக்காரன். பிம்ப்ரியில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில், அச்சுகளின் எஃகில் எழுத்தும் பூவும் செதுக்குவதுதான் அவன் வேலை. அவன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தகட்டின் பளபளப்பில், அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், ஒரு ஆள் குனிந்து பார்ப்பது போல ஒரு நிழல் விழுந்தது. ஜெயந்த் எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் வலது பக்கத்து நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் வெறும் சுவர்.

"சார், இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமா? தலை வலிக்குது."

*

டெக்ஸ்டர் செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிம்ப்ரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போனவன் சாயங்காலம் லாரியில் அடிபட்டான். அடிபட்ட இடம் சங்கம் பாலத்துக்குப் பக்கத்தில். கட்கிக்கு வடக்கே பிம்ப்ரி. சங்கம் பாலமோ தெற்கே, ஊருக்குள் போகிற வழியில். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. அடக்கம் முடிந்த பிறகு ஆஷா கம்பெனிக்குப் போய் விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமே கிடையாது, நிறுத்தி இரண்டு வருஷமாகிறது என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் மனதில் ஒரு பெண் குடிவந்தாள். பேரில்லாத, முகமில்லாத ஒருத்தி. பாலத்தைத் தாண்டிக் கேம்ப் பகுதியில் எங்கோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்ஸ்டருக்குச் சோறு போட்டு உட்கார வைத்தவள். கடைவீதியில் அழகாக யாராவது கடந்து போனால், இவளாக இருக்குமோ என்று ஆஷா நின்று பார்ப்பாள். கல்லறைக்குப் போனால், தனக்கு முன்னால் அங்கே யாராவது பூ வைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவாள்.

வீட்டில் இருந்தது அவளும் மாமியார் சத்தியவதியும்தான். ஆஷா ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னாள். சத்தியவதி கையிலிருந்த டப்பாவைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினாள். "எம் புள்ள அப்படிக்கொத்தவன் இல்லட்டி! செத்தவனப் பத்திப் பேச உனக்கு நாக்கு கூசல?" அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு டெக்ஸ்டரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஔந்திலிருந்து திரும்பிய அன்று ஆஷாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சத்தியவதி மீன்குழம்பு வைத்திருந்தாள். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தைப் பார்த்தபடி ஆஷா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் டெக்ஸ்டர் அங்கேதான் உட்கார்ந்து பித்தளைத் துண்டுகளில் இலை செதுக்கிப் பழகுவான். சின்னச் சுத்தியல், டிக் டிக் டிக் என்று, பல்லி சொல்வது போல. அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனபோது அந்தச் சத்தம் பின்னால் தெளிவாகக் கேட்டது. குழாயை மூடினாள். நின்றுவிட்டது. திறந்தாள். மறுபடி டிக் டிக் டிக்.

"அத்த, உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் அவள் கேமராவோடு தங்கள் சபைக் கோயிலுக்குப் போனாள். பலிபீடத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற பித்தளைப் பூச்சாடிகள் டெக்ஸ்டர் தன் அப்பாவின் நினைவாகச் செய்து கொடுத்தவை. அவன் செதுக்கும்போது விளக்குப் பிடித்தவள் அவள்தான். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியிடம் கேட்டு ஒரு சாடியை ஜன்னலோரம் கொண்டுபோய் அதே மாதிரி வெளிச்சம் வைத்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இலை நுனியில் அதே கொக்கி. இடப்பக்கம் சாய்ந்த அதே கோடு. இரண்டும் ஒரே கை.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இலைகளில்தான் போயிருக்கின்றன. மூன்று வருஷமாக அவள் வெறுத்து வளர்த்த பெண் அந்தத் திரையிலேயே கரைந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் போன இடத்தில் வேறு எதுவும் வந்து நிற்கவில்லை.

*

அந்தத் துப்பாக்கியைத் தனக்கு விற்றவர் கேம்ப்பில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் மனோஜ் என்று ஜெயந்த் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஆஷா அங்கே போனாள். குறுகலான கடை. கண்ணாடிக்குப் பின்னால் எண்ணெய் வாடை. மனோஜுக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் தன் பேரைச் சொல்லவில்லை. டெக்ஸ்டரின் போட்டோவைப் போனில் எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

மனோஜ் அதைப் பார்த்தான். எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தான்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும் பாபி," என்றான், அண்ணி என்று அழைக்கும் ஹிந்தி முறையில். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் நீங்களோன்னு பார்ப்பேன்."

"அவர் இங்கேதான் வந்துகிட்டிருந்தாரா?"

"அந்த மேஜைதான்." உள்ளே ஜன்னலோரம் இடுக்கி பொருத்திய ஒரு மர மேஜை இருந்தது. "ஒரு வருஷத்துக்கு மேல. துப்பாக்கி நிஜமாவே பழசு, லண்டன்ல செஞ்சதுதான். ஆனா தகடு ரெண்டும் வெறுமையா இருந்தது. வெறும் தகட்டை யாரும் சீண்ட மாட்டாங்க. டெக்ஸ்டர்கிட்ட கேட்டேன். பாதி விலை தர்றேன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். 'கம்பெனியில நான் வெட்டற பூவெல்லாம் பக்கெட்டு மூடியிலயும் சோப்பு டப்பாவுலயும் போய் முடியுது மனோஜ், எனக்கு இந்த எஃகைக் குடு போதும்'னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

மனோஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னேன்."

"பழைய வேலைன்னு சொல்லித்தான் விக்கப் போறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது பாபி."

ஆனால் அவன் அதை வேகமாகச் சொன்னான். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. தெரியாது என்பது உண்மையா, விதவைக்குச் சொல்லும் ஆறுதலா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்க வேண்டிய ஆள் மண்ணுக்குள் இருந்தான்.

"ரெண்டு தகடும் அவரே முடிச்சாரா?"

"வலது பக்கம் முழுசா முடிச்சார். இடது பக்கத்துல..." மனோஜ் அந்த மேஜையைத் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்குச் சாயங்காலம் இருட்டுது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்னு உளியைத் துடைச்சு வச்சிட்டுக் கிளம்பினார். அப்புறம் வேற ஆளை வச்சு முடிக்கச் சொன்னேன்."

*

ஆஷா மறுநாள் ஔந்துக்குப் போனபோது ஜெயந்திடம் எதுவும் சொல்லவில்லை. இடது தகட்டை மட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது என்றாள். விளக்கை முடிந்தவரை தணித்து, கேமராவை நெருக்கி, ஒவ்வொரு இலையாகத் தேடிக்கொண்டு போனாள். மேல்வரிசை முழுவதும் டெக்ஸ்டர். நாணல் டெக்ஸ்டர். தண்ணீரின் அலை டெக்ஸ்டர். கீழே மூலையில் சுருளுக்குள் ஒரு இலை. அதன் மேல்விளிம்பு வந்திருந்தது; நரம்பு பாதிவரை வந்திருந்தது; நிழல் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்து வந்து, சட்டென்று நின்றன. அதற்கப்புறம் வந்த கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நுனியில் கொக்கி இல்லை. ஆழமும் இல்லை. செய்து முடிக்க வேண்டுமே என்று செய்த வேலை.

இந்தக் கோட்டை வெட்டிவிட்டுத்தான் அவன் எழுந்திருக்கிறான். கையைத் துடைத்திருக்கிறான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறான்.

அவள் அந்தக் கோட்டில் கட்டைவிரலை வைத்தாள். எஃகு குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல. விளக்கின் சூடாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் கழித்துத் தொட்டாள். வெதுவெதுப்பு போகவில்லை.

"ஆஷாஜி, என்னாச்சு? ஏன் அழறீங்க?"

அவள் சொன்னாள். பூச்சாடிப் படத்தையும் தகட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். நாயின் காதைக் காட்டினாள். அது காயமல்ல, நகராட்சி அடையாளம் என்றாள். ஜெயந்த் பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். முகம் சிவந்தது.

"வாழ்நாள் முழுக்க இதைத்தான் படிச்சேன்," என்றார். "இந்த மாதிரி ஒரு தெருநாயைக் காட்டி என்னை ஏமாத்திட்டாங்க. உங்க வீட்டுக்காரரும் கூட்டு."

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியல. ஆனா ஏமாத்தணும்னு நினைக்கிறவன் காதுல அந்த வெட்டை ஏன் வைக்கணும்? வாலை ஏன் சுருட்டணும்? தெரிஞ்சவங்க பார்த்தா தெரியட்டும்னு வச்சாரோ என்னவோ."

"நீங்க போகலாம்," என்றார் ஜெயந்த்.

அவள் போய்விட்டாள். வேலை போச்சு என்றுதான் நினைத்தாள். வீட்டிலும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சத்தியவதி ஜெயித்தவள் ஆகிவிடுவாள். டெக்ஸ்டர் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஆகிவிடும். கூடவே, தெரிந்தே போலி செய்தவன் என்றும் ஆகிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் பலிபீடத்தின் பக்கம் அவளால் பார்க்க முடியவில்லை. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது, அந்தச் சாடிகளின் பக்கமிருந்து சின்னச் சுத்தியல் சத்தம் வந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஜெயந்த் போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது.

"அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு வெளியில எடுத்தேன். முடியல. அந்தப் பாதி இலையை நீங்க எனக்குக் காட்டியிருக்கக் கூடாது. இப்போ கண்ணை மூடினாலும் அதுதான் தெரியுது. எப்போ பார்த்தாலும் அவர் இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதியிருக்கேன். லண்டன் துப்பாக்கி, புனேவுல செதுக்கினதுன்னு. அவரோட முழுப் பேர் என்ன?"

ஆஷா போனைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றாள். பேரைச் சொன்னால் அது அச்சில் ஏறும். திறமைசாலி என்று சிலர் படிப்பார்கள், போலி செய்தவன் என்று சிலர் படிப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த நாணலும் தண்ணீரும் யாரோ பெயரில்லாதவனுடையதாகவே கிடக்கும்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அங்கேயே நின்று, எல்லாவற்றையும் சத்தியவதியிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மனோஜின் கண் ஜன்னலுக்குப் போனதைக்கூடச் சொன்னாள்.

சத்தியவதி கேட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நான் பாக்கணும் அத," என்றாள். "பாத்துட்டுச் சொல்லுதேன், பேரு குடுக்கலாமா வேண்டாமான்னு."

*

ஜெயந்த் வாசல்வரை வந்து அழைத்துப் போனார். பச்சைத் துணியில் துப்பாக்கி, இடது தகடு மேலே தெரியும்படி கிடந்தது. சத்தியவதிக்குக் கண் மங்கல். ஆஷா எடுத்த படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். அவள் திரைக்கு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"ராக்கி," என்றாள்.

பிறகு துப்பாக்கியின் பக்கம் திரும்பினாள். தகட்டைத் தொடலாமா என்று ஜாடையில் கேட்டாள். ஜெயந்த் தலையசைத்தார். மகனின் கோடுகளில் விரல் போய்க்கொண்டே இருந்தது. பாதி இலையை யாரும் காட்டாமலே விரல் அங்கே வந்து நின்றுவிட்டது. அவள் ஆஷாவைத் திரும்பிப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"சூடா இருக்கேட்டி," என்றாள்.

ஆஷா தலையை ஆட்டினாள்.

"அவர்ட்ட கேளு," என்றாள் சத்தியவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத வச்சு எதையாச்சும் சுட்டிருக்காரான்னு கேளு."

ஆஷா ஹிந்தியில் கேட்டாள். ஜெயந்த் கையைக் கூப்பாத குறையாக இல்லை என்றார். இதுவரை ஒரு தோட்டாகூட அதில் போட்டதில்லை, இனியும் போட மாட்டேன் என்றார்.

"அப்ப எழுதச் சொல்லு. சுவிசேஷமுத்து டெக்ஸ்டர். அவங்க அப்பா பேரு முன்னால வரணும். ஊரு கட்கி."

"அத்த, போலி செஞ்சவன்னு நாலு பேர் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவன் செஞ்சதுதான?"

ஜெயந்த் எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் கேட்டுச் சரிபார்த்தார்.

திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். சத்தியவதி ஈரமான சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி இருந்தாள். திடீரென்று ஆட்டோக்காரன் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"இம்புட்டுக்கா மறைச்சான்? அடப் பாவி. வீட்டுல சொல்லிட்டுச் செஞ்சா யாரு என்ன சொல்லப் போறா? உன்ன மூணு வருஷம் இப்படி அலையவிட்டானே."

மூன்று வருஷமாக ஆஷா திட்டியதெல்லாம் இல்லாத ஒருத்தியை. இனி டெக்ஸ்டரைத்தான் திட்ட வேண்டும். அவனோ எங்கும் போகாமல், அந்த அரை இலையில், எழுந்து போகிற நேரத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு அவர் மேல ரொம்பக் கோவமா இருக்கு அத்த," என்றாள்.

"எனக்கும்தாம்ட்டி," என்றாள் சத்தியவதி. "நீ மொதல்ல ஆரம்பி."